முள் இல்லாத மீன்

மாதச் சந்தா என்றால் நான் வாழ்நாள் முழுவதும் அறிந்தது ஒரே ஒரு சந்தாவைத்தான். அது பத்திரிகைச் சந்தா. தபால்காரர் வருகிற நேரத்துக்குத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வது, சுற்றியிருக்கும் காகிதத்தைக் கிழிக்கிற அவசரத்தில் அட்டையையும் சேர்த்துக் கிழித்துவிடுவது, தொடர்கதை எந்தப் பக்கத்தில் என்று தேடுவது - இந்தச் சுகங்களை வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாதா மாதம் தூண்டிலுக்குச் சந்தா கட்டுகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதை அறிய நான் அமெரிக்காவின் வடக்கு எல்லையில் உள்ள மின்னசோட்டாவுக்குப் போக வேண்டியிருந்தது.

என் பெண்ணும் மாப்பிள்ளையும் மினியாபொலிஸ் நகருக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள். பெண்ணுக்குப் பேறுகாலம் என்று நானும் என் மனைவியும் நவம்பர் கடைசியில் போய்ச் சேர்ந்தோம். மனைவிக்கு அங்கே விடிந்தது முதல் இரவு வரை வேலை இருந்தது. எனக்கோ ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பனி பொழிவதைப் பார்ப்பதைத் தவிர வேறு உத்தியோகம் இல்லை. நாவலாசிரியன் ஒருவன் சும்மா உட்கார்ந்திருந்தால், கதையைப் பற்றி யோசிக்கிறான் என்று நம் ஊரில் மரியாதையாக எண்ணிக்கொள்வார்கள். அங்கே எனக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டார்கள்.

டிசம்பர் முதல் வாரத்தில் மாப்பிள்ளை ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை, இனிப்பா?"

"தூண்டில், மாமா. உறைந்த ஏரியில் மீன் பிடிக்கிற தூண்டில். உங்கள் பெயருக்கு நாலு மாதச் சந்தா கட்டியிருக்கிறேன். மாதம் ஒரு பெட்டி வரும். உள்ளே என்ன இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள்."

"தொடர்கதையின் சூட்சுமமும் அதுதானே!" என்று சொல்லிப் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே ஐந்து போலி இரைகள் இருந்தன. ஒவ்வொன்றும் தனித்தனிப் பையில், அதனதன் பெயர் அச்சிட்ட அட்டையோடு இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவில் பச்சையும் ஆரஞ்சுமாக வர்ணம் பூசிய உலோக மணி ஒன்று. அதிலிருந்து ஒரு முள் கிளம்பியிருந்தது. பளபளக்கும் சிறு கரண்டி போன்ற தகடுகள் இரண்டு. கண்ணும் செதிலும் வரைந்து, வாலுக்குப் பதிலாகக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் துடுப்பு வைத்த குட்டி மீன் ஒன்று. அதற்கு நரம்பு கட்டும் வளையம் வாயில் இல்லை; முதுகின் நடுவே இருந்தது. இது எனக்கு விசித்திரமாகப் பட்டது. ஐந்தாவது இரை ரப்பர் புழு. அதைப் பார்த்ததும் என் மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள்.

அமெரிக்கர்களுக்கு இந்த மாதப் பெட்டிப் பழக்கம் புதிது அல்ல. 1926-ஆம் வருஷத்திலேயே ஹாரி ஷெர்மன் என்பவர் நியூயார்க்கில் மாதம் ஒரு புத்தகத்தைத் தேர்ந்தெடுத்துச் சந்தாதாரர்களுக்குத் தபாலில் அனுப்பும் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். சில்வியா டவுன்ஸெண்ட் வார்னர் என்ற ஆங்கிலப் பெண்மணி எழுதிய நாவல் முதல் மாதத்தில் போயிற்று. என்ன வாங்குவது என்று யோசிக்கும் சிரமத்தை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, பிரிக்கும் சந்தோஷத்தை மட்டும் நாம் வைத்துக்கொள்வது. வியாபாரத்தின் தத்துவம் இவ்வளவுதான். அந்தத் தத்துவம் சோப்புக்கும் மிட்டாய்க்கும் பரவி, 2010-க்குப் பிறகு தூண்டிலுக்கும் வந்து சேர்ந்தது.

பெட்டி வந்த மறுநாளே மாப்பிள்ளை என்னை ஒரு கடைக்கு அழைத்துச் சென்றார். பணத்தைக் கட்டி, பெயரையும் பிறந்த தேதியையும் சொன்னேன். அந்த ராஜ்யத்து ஏரிகளில் பிப்ரவரி கடைசி வரை நான் மீன் பிடிக்கலாம் என்று ஒரு சீட்டுக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இந்தப் பத்து நிமிஷத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

ஏரியின் மேல் நடப்பது என்பது காவேரிக் கரையில் பிறந்தவனுக்குச் சாமானியமான காரியம் அல்ல. தெளிந்த புதுப் பனிக்கட்டி நாலு அங்குலம் இருந்தால் மனிதன் நடக்கலாம் என்பது அந்த ஊர்க் கணக்கு. நான் கால் வைத்த அன்று எட்டு அங்குலம் இருந்தது. இருந்தாலும் எங்கோ தொலைவில் பனிக்கட்டி பிளந்து முனகிய சத்தம் காலடியில் ஓடி வந்தபோது, எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் ஒரு சுற்றுக் கூப்பிட்டுவிட்டேன். மாப்பிள்ளை திருகு போன்ற ஓர் இயந்திரத்தால் துளை போட்டார். கீழே கறுப்புத் தண்ணீர் தெரிந்தது.

அந்தத் தண்ணீரில் மீன் எப்படிச் சாகாமல் இருக்கிறது? இயற்கை இதில் ஒரு கருணை செய்திருக்கிறது. தண்ணீர் 4 டிகிரி சென்டிகிரேடில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தால் லேசாகி மேலே வந்துவிடும். ஆகவே ஏரி மேலிருந்து கீழாக உறைகிறது. அடியில் அந்த 4 டிகிரித் தண்ணீர் தங்கிவிடுகிறது. மீன்கள் அங்கே பாதித் தூக்கத்தில் இருக்கின்றன. மீனுக்கு ரத்தம் தண்ணீரின் சூட்டையே ஒட்டி இருப்பதால், குளிரில் பசியும் மந்தம், ஓட்டமும் மந்தம். பெரிய இரையைத் துரத்த அதற்கு மனசு வராது. அதனால்தான் பனிக்காலத் தூண்டில் இத்தனை சிறியதாக இருக்கிறது. வீசி எறிய இடமும் இல்லை. நேராகக் கீழே இறக்கி மெல்லச் சுண்டிச் சுண்டி ஆட்ட வேண்டும். மணி சின்னதாகவும் இருக்க வேண்டும், சீக்கிரம் ஆழத்துக்கும் போக வேண்டும் என்பதற்காக, ஈயத்தைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு கனமான டங்ஸ்டனில் இப்போது அதைச் செய்கிறார்கள்.

இவ்வளவு சாஸ்திரமும் எனக்கு வாயளவில் வந்துவிட்டது. மீன்தான் வரவில்லை. டிசம்பர் பெட்டியில் இருந்த ஐந்தையும் போட்டுப் பார்த்தேன். ஜனவரி மாதம் புதுப் பெட்டி வந்தது. அதில் இருட்டில் ஒளிரும் மணிகள் இருந்தன. அவற்றையும் போட்டேன். ஒரே ஒரு புளூகில் மீன் அகப்பட்டது. உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான். அதுவும் வழி தவறி வந்ததுபோல் என்னைப் பார்த்து விழித்தது, திருப்பி விட்டுவிட்டேன். சிறு பையனாக இருந்தபோது மூங்கில் கழியும் மண்புழுவும் தக்கையும் வைத்துக்கொண்டு வாய்க்காலில் கெண்டை பிடித்தவன் நான். அப்போது சந்தா இல்லாமலே மீன் வந்தது.

ஏன் இப்படி என்று யோசித்தபோது, இந்தப் பெட்டியில் வரும் சாமான்களுக்கு முதலில் உருவம் கொடுத்தவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை உண்டாயிற்று. கதை எழுதுகிறவனுக்கு வேறு எந்தக் கெட்ட பழக்கம் இல்லாவிட்டாலும், பூர்வோத்தரம் விசாரிக்கிற பழக்கம் இருக்கும்.

கரண்டித் தகட்டுக்கு வெர்மாண்டில் ஒரு கதை சொல்கிறார்கள். ஜூலியோ பியூவல் என்ற இளைஞன் படகில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கரண்டி கை தவறி ஏரியில் விழுந்ததாம். அது மினுக்கி மினுக்கி அமிழ்ந்துபோவதற்குள் ஒரு பெரிய மீன் பாய்ந்து வந்து கவ்விக்கொண்டு போயிற்றாம். வீட்டுக்குப் போனவன் வேறொரு கரண்டியின் காம்பை அறுத்தெறிந்துவிட்டு முள்ளைப் பற்ற வைத்தான் என்பது கதை. கரண்டி விழுந்ததற்குச் சாட்சி இல்லை. ஆனால் 1852-ல் அவன் தூண்டில் கரண்டிக்குப் பேட்டண்டு வாங்கியதற்குச் சர்க்கார் பதிவு இருக்கிறது.

மரமீனின் கதை இதைவிட எனக்குப் பிடித்தது. பின்லாந்தில் லௌரி ரபாலா என்ற மீனவர் இருந்தார். குடும்பம் பெரியது, வருமானம் சிறியது. ஏரியில் படகை வலித்துப் போகும்போது அவர் மீன்களையே பார்த்துக்கொண்டிருப்பார். பெரிய மீன் ஒன்று குஞ்சுக் கூட்டத்துக்குள் புகுந்தால் எல்லாவற்றையும் துரத்துவதில்லை. எந்தக் குஞ்சு சற்றே சாய்ந்து, தள்ளாடி நீந்துகிறதோ அதைத்தான் குறி வைக்கிறது. இதைக் கண்டுகொண்ட ரபாலா, 1936-ல் செருப்புத் தைப்பவர் கத்தியால் ஒரு தக்கையைச் செதுக்கினார். சாக்லேட் சுற்றிய ஈயத்தாளை மேலே ஒட்டினார். பழைய புகைப்படப் படச்சுருளை உருக்கி அதன்மேல் மெருகு பூசினார். இழுத்தால் அது தள்ளாடிற்று, அவ்வளவுதான் வேண்டியிருந்தது. 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக் பந்தயத்துக்கு வந்தவர்கள் அந்தப் பொய்மீன்களை ஊருக்கு எடுத்துப் போனார்கள். 1959-ல் இதே மினியாபொலிஸைச் சேர்ந்த ரான் வெபர் அவற்றை வரவழைத்து விற்க ஆரம்பித்தார். 1962 ஆகஸ்டில் 'லைஃப்' பத்திரிகை அதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. மர்லின் மன்றோ மறைந்ததை ஒட்டி, அவர் படத்தை அட்டையில் தாங்கி வந்த இதழ் அது. நாடே அந்த இதழை வாங்கியது. வாங்கியவர்கள் மீனைப் பற்றியும் படித்தார்கள். பிறகு வந்த ஆர்டர்களுக்குச் சாமான் கொடுத்து மாளவில்லை.

தக்கையைச் செதுக்கிய அந்த மனிதர் நாலு வகைப் பொய்மீன் செய்து ஒன்றாவது பலிக்கட்டும் என்று போட்டுப் பார்க்கவில்லை. முதலில் மீனைப் பார்த்தார். நானோ மாதம் ஐந்து இரைகளைப் பார்த்தேன். மீனைப் பார்க்கவே இல்லை. என் தூண்டில் இறங்கிய இருட்டில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

பிப்ரவரி மாதத்தில் அதைப் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது. மாப்பிள்ளையுடன் வேலை செய்யும் ஒருவருடைய தகப்பனார், பக்கத்து ராஜ்யமான விஸ்கான்சினில் லாக் டு ஃபிளாம்போ என்ற ஊரில் இருந்தார். ஓஜிப்வே என்னும் பழங்குடி மக்களுக்கென்று வரையறுத்த பூமி அது. பெயர் பிரெஞ்சுப் பெயர். தீப்பந்த ஏரி என்று பொருள். அந்த மக்கள் இரவில் பந்தம் பிடித்துப் படகில் போய் ஈட்டியால் மீன் குத்துவதைக் கண்ட பிரெஞ்சு வியாபாரிகள் வைத்த பெயர். எங்கள் வீட்டிலிருந்து காரில் நாலு மணி நேரம்.

பெரியவருக்கு எழுபது வயசு இருக்கும். பேச்சு குறைவு. ஏரியின் நடுவே ஒரு சின்ன மரக் கூண்டுக்குள் என்னை அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே ஜன்னல் கிடையாது, கும்மிருட்டு. ஆனால் தரையில் வெட்டியிருந்த சதுரத் துளையோ பச்சை விளக்குப்போல் பிரகாசித்தது. வெளியே விழும் வெயில் பனிக்கட்டியின் வழியாகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. இருட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஏரியின் அடித்தரையில் கிடக்கும் கூழாங்கல் வரை தெரிகிறது. சினிமாக் கொட்டகையில் விளக்கை அணைப்பதும் இதே காரணத்துக்காகத்தானே!

அவர் பையிலிருந்து ஒரு மரமீனை எடுத்தார். சாண் நீளம். வயிற்றில் ஈயத்தை உருக்கி ஊற்றியிருந்தது. பக்கத்துத் துடுப்புகள் தகரத்தில் வெட்டியவை. நரம்பு கட்டும் இடம் முதுகின் நடுவே இருந்தது. எனக்குச் சட்டென்று டிசம்பர் பெட்டியின் பிளாஸ்டிக் வால் குட்டி மீன் ஞாபகத்துக்கு வந்தது. அவர் குச்சியை இரண்டு தடவை சுண்டினார். மரமீன் உயிர் வந்ததுபோல் வட்டமிட்டு நீந்தியது. முதுகில் கட்டினால்தான், நேராக மேலே இழுக்கும்போது அது முன்னே போய் வட்டம் சுற்றும். பெட்டியோடு வந்த அட்டையில் இதை எவ்வளவோ விவரித்திருந்தார்கள், எனக்குப் புரியவில்லை. இங்கே ஒரு கண்ணோட்டத்தில் புரிந்துவிட்டது.

"இதில் முள் எங்கே?" என்று கேட்டேன்.

"முள் கிடையாது," என்றார். பக்கத்தில் சாத்தியிருந்த பல் பல்லான ஈட்டியைத் தொட்டுக் காட்டினார். "கீழே இருப்பதைப் பார்க்க முடியாதவனுக்குத்தான் முள் வேண்டும்."

ஒரு மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு துளையின் ஓரத்தில் ஒரு நிழல் தெரிந்தது. மஸ்கி என்று அவர் உதட்டசைவில் சொன்னார். நம் ஊர் விரால் மீனைப்போல் பதுங்கிப் பாய்கிற ஜாதி. அது பாயவில்லை. மரமீனுக்கு ஒரு முழம் தள்ளி நின்று, செவுளை மெல்ல அசைத்துக்கொண்டு பார்த்தது. பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. என்னுடைய இரண்டு மாத இரைகளுக்கும் இப்படித்தான் எத்தனையோ மீன்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கும்! பெரியவர் குச்சியை நிறுத்தினார். வெகு நேரம் சென்று ஒரே ஒரு தடவை அசைத்தார். நிழல் திரும்பி வந்தது. ஈட்டி இறங்கிய சத்தம்கூடக் கேட்கவில்லை.

"என் அக்கா வீட்டுக்கு," என்றார், மீனைப் பனியில் கிடத்திவிட்டு.

அலெக்ஸாண்டர் ஹென்றி என்ற ஆங்கில வியாபாரி 1761-ல் பெரிய ஏரிகளின் பக்கம் வந்தார். 1809-ல் வெளியான தம் பிரயாண நூலில், பனிக்கட்டியில் துளை போட்டு, வெளிச்சம் புகாமல் தோல் போர்த்த குடிலுக்குள் படுத்து, மரத்தில் செதுக்கிய மீனை ஆட்டி, ஈட்டியால் குத்தும் இந்த வித்தையை அப்படியே வர்ணித்திருக்கிறார். நான் பார்த்ததற்கும் அவர் பார்த்ததற்கும் வித்தியாசம் அதிகம் இல்லை. இந்த மரமீனைப் பார்த்துத்தான் பெட்டியின் மீனைச் செய்தார்கள் என்று நான் வாதாட வரவில்லை. தண்ணீரைக் கூர்ந்து பார்த்தவர்கள் எங்கே இருந்தாலும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வார்கள்.

திரும்பும்போது பெரியவர் ஒரு சங்கதி சொன்னார். அதை நான் பிறகு விரிவாகப் படித்தேன். ஓஜிப்வேக்கள் 1837-லும் 1842-லும் அமெரிக்க சர்க்காருடன் உடன்படிக்கை செய்து தங்கள் நிலத்தில் பெரும் பகுதியைக் கொடுத்தார்கள். கொடுத்த நிலத்தில் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் தங்களுக்கு உள்ள உரிமையை மட்டும் கொடுக்கவில்லை. அது உடன்படிக்கையிலேயே எழுதியிருந்தது. நாளடைவில் ராஜ்ய அதிகாரிகள் அந்த எழுத்தைச் சௌகரியமாக மறந்தார்கள். 1974 மார்ச்சில் ட்ரிபிள் என்ற குடும்பப் பெயர் கொண்ட இரு சகோதரர்கள், தங்களுக்கு ஒதுக்கிய எல்லையைத் தாண்டி, சீஃப் லேக் என்ற ஏரியில் பனிக்கட்டியில் துளை போட்டு ஈட்டியுடன் உட்கார்ந்தார்கள். கைது செய்யப்பட்டார்கள். வழக்கு நடந்தது. உடன்படிக்கை உரிமை செல்லும் என்று 1983-ல் மேல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

தீர்ப்போடு முடிந்துவிடவில்லை. அடுத்த பல வருஷங்கள், வசந்த காலத்தில் ஓஜிப்வேக்கள் படகை இறக்கும் துறைகளில் கூட்டம் கூடியது. கல் எறிந்தார்கள், வாயால் சொல்லத் தகாதவற்றை அட்டையில் எழுதிப் பிடித்தார்கள். "அப்போது எனக்கு வாலிப வயசு. தண்ணீரில் படகில் இருக்கும்போது கல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியாது. வெளிச்சம் நம் தலையில் அல்லவா இருக்கிறது?" என்றார் பெரியவர். பந்தத்துக்குப் பதில் அவர்கள் தலையில் விளக்குக் கட்டியிருந்தார்கள். 1991-ல் விஸ்கான்சின் வழக்கு ஓய்ந்தது. 1999-ல் மின்னசோட்டாவின் மில் லாக்ஸ் ஏரி பற்றிய வழக்கில், உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் அதே 1837 உடன்படிக்கையை நிலைநிறுத்தியது.

இதே ஈட்டிமீன் வித்தைக்கு மரமீன் செதுக்கிய வெள்ளைக்காரர்களும் உண்டு. மிச்சிகனில் காடிலாக் என்னும் ஊரில் ஆஸ்கர் பீட்டர்ஸன் என்பவர் ஆயிரக்கணக்கில் செதுக்கிச் சொற்ப விலைக்கு விற்றார், 1951-ல் காலமானார். இப்போது அவற்றை ஏலத்தில் எடுத்துக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறார்கள். வைக்கட்டும், அழகான பொருள்தான். ஆனால் அலமாரிக்குப் போன மீனுக்குக் கிடைத்த மரியாதை, தண்ணீரில் அதை ஆட்டியவனுக்கு அன்று கிடைக்கவில்லை.

காரில் வரும்போது என் சட்டைப் பையில் இருந்த சீட்டைத் தடவிப் பார்த்தேன். பதினாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து வந்தவன் நான். மீன் அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் என் வீட்டில் சோறு வெந்துவிடும். மீன் பிடிக்கும் உரிமையைப் பெற எனக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. தங்கள் பாட்டன்மார் எழுதி வைத்துவிட்டுப் போன உரிமையைப் பெற அந்தச் சகோதரர்களுக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று.

மாப்பிள்ளை, "என்ன மாமா, பேசாமல் வருகிறீர்கள்?" என்றார்.

"நீங்கள் கட்டிய சந்தா வீண் போகவில்லை, மாப்பிள்ளை," என்றேன்.

மார்ச் மாதத்தில் நாலாவது பெட்டி வந்தது. அதற்குள் பேரன் பிறந்திருந்தான். என் சீட்டின் காலமும் தீர்ந்துபோயிருந்தது. பெட்டியைப் பிரிக்காமல் அடுத்த வீட்டுப் பையனிடம் கொடுத்தேன். அவன் வாங்கிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து பிரித்தான். ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் காட்டினான்.

"எது ரொம்ப நன்றாக வேலை செய்யும்?" என்று என்னைக் கேட்டான்.

"அது எனக்குத் தெரியாதப்பா. முதலில் ஏரிக்குப் போய் மீன் என்ன செய்கிறது என்று பார்," என்றேன்.